நேரோ கேஜ் குட்டி ரயில் சரியா ஓடலையா? அறிகுறியைப் பாத்து பிழையைப் புடிக்கிற வழி

வீட்டுல நேரோ கேஜ் (மலை ரயில் மாதிரி அகலம் குறைஞ்ச பாதை) மாடல் ரயில் பண்றவங்க கொண்டு வர்ற புகார் தினுசு தினுசா இருக்கும், ஆனா கூடவே "மோட்டார் போயிடுச்சு போல"ன்னு ஒரு தீர்ப்பும் ரெடியா வரும். பெரும்பாலும் மோட்டாருக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது. அழுக்கு, எடை, இல்லன்னா நாம ஆசையா பண்ணி மேல மாட்டுன பாடி, இந்த மூணுல ஒண்ணுதான் குற்றவாளி. அதனால இங்க எல்லா அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனை முதல்ல, மோட்டாரைத் தொடுறது கடைசில.

இது 9 மிமீ தண்டவாளத்துல ஓடுற வண்டிங்களுக்கு எழுதுனது, அதாவது என் கேஜ்னு சொல்ற 9 மிமீ மாடல் ரயில் ரகத்துல ரெடிமேட் சேசிஸ் (மோட்டாரும் சக்கரமும் இருக்கிற அடிப்பாகம்) ஒண்ணு வாங்கி (காட்டோ கம்பெனியோட 11-109 மாதிரி நாலு சக்கர சேசிஸ், இல்லன்னா ரெண்டு போகி, அதாவது தனியா திரும்புற சக்கரத் தொகுதி வச்ச டீசல் சேசிஸ்) அது மேல 3டி பிரிண்ட்லயோ பிளாஸ்டிக் ஷீட்லயோ பாடி பண்ணி மாட்டுற ரகம். கால்கா-சிம்லா ரயில் பாதையோட அகலம் நிஜத்துல 762 மிமீ, 87-ல ஒரு பங்கா சுருக்குனா 8.8 மிமீ கிட்ட வருது, 9 மிமீ தண்டவாளத்துக்கு கச்சிதம். டார்ஜிலிங் 610 மிமீ, 76-ல ஒரு பங்குன்னா 8 மிமீதான் வரணும், தண்டவாளம் கொஞ்சம் அகலமா தெரியும், யாரும் கண்டுக்கறதில்ல. ஊட்டி மீட்டர் கேஜ், அதை 87-ல ஒரு பங்கா பண்றவங்க 12 மிமீ தண்டவாளத்துக்கு போகணும், ஆனா வைத்தியம் ஒண்ணுதான்.

கையில இருக்க வேண்டியது: 9 வோல்ட் சதுர பேட்டரி, சாதா மல்டிமீட்டர், வெர்னியர் காலிப்பர், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், காது குடையுற பட்ஸ், ஒரு நல்ல ட்வீசர்.

எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல இது

பாடியைக் கழட்டிட்டு வெறும் சேசிஸை ஓட்டிப் பாருங்க. வெறும் சேசிஸ் நல்லா ஓடுதுன்னா மோட்டாரை மறந்துடலாம், பாடி எங்கயோ இடிக்குது. பாடி இல்லாமயும் அதே கோளாறுன்னா சேசிஸைக் கையில தூக்கி, 9 வோல்ட் பேட்டரில ரெண்டு துண்டு வயர் வச்சு இடது சக்கரத்துல ஒண்ணு வலது சக்கரத்துல ஒண்ணு தொடுங்க. ஜோரா சுத்துச்சுன்னா சேசிஸும் நல்லா இருக்கு, கோளாறு தண்டவாளத்துலயோ கன்ட்ரோலர்லயோ (வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி). டிசிசி டீகோடர் (தண்டவாளம் வழியா டிஜிட்டலா வர்ற கட்டளையை வாங்குற போர்டு) போட்ட வண்டிக்கு பேட்டரி வைக்காதீங்க, பல டீகோடர் நேர் கரண்ட்டுக்கு வேலை செய்யாத மாதிரி செட் பண்ணியிருக்கும், அத வச்சு ஒண்ணும் முடிவுக்கு வர முடியாது.

அறிகுறி 1: வண்டி அசையவே இல்ல

*சத்தமே இல்ல, லைட்டும் இல்ல*

தண்டவாளத்துல கரண்ட் இருக்கான்னு மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க, கன்ட்ரோலர் முழு வேகத்துல 12 வோல்ட் பக்கம் காட்டணும். ஒண்ணுமே காட்டலைன்னா கன்ட்ரோலர்ல இருந்து வர்ற வயர், பிளக், அப்புறம் அடாப்டர்னு பின்னாடி போங்க. அடாப்டர் செத்திருந்தா அத திறக்காதீங்க, உள்ள 230 வோல்ட், அது நம்ம பொழுதுபோக்குல சேராது, புதுசு வாங்குங்க.

தண்டவாளத்துல கரண்ட் இருக்கு, ஆனா வண்டில வரலன்னா சக்கரத்துல பெயிண்ட் இருக்கான்னு பாருங்க. பாடியை சேசிஸோட வச்சே ஸ்ப்ரே அடிச்சவங்களுக்கு இது கண்டிப்பா வரும், சக்கரத்து மேல மெல்லிசா ஒரு படலம் ஒட்டிக்கும், கண்ணுக்கே தெரியாது, கரண்ட்டு மட்டும் போகாது. ஆல்கஹால்ல நனைச்ச பட்ஸ் வச்சு தேய்ச்சா பெரும்பாலும் வந்துடும்.

*ம்ம்ம்னு முனகுது, நகரல*

சக்கரத்துல முடி சுத்தியிருக்கும். சீலிங் ஃபேன் ஓடுற ரூம்ல தரையிலயோ பாய் மேலயோ தண்டவாளம் போட்டு ஓட்டுனா தலைமுடி, துணி நூல், பஞ்சு எல்லாம் ஆக்சில்ல சுத்திக்கும், அத ட்வீசர்ல ஒவ்வொண்ணா இழுத்து எடுக்கணும், பிளேடு வச்சு அறுத்தா கியர் பல்லும் சேந்து போகும். முடி இல்லன்னா பழைய எண்ணெய் கெட்டியாகி இருக்கும். ரொம்ப நாள் பெட்டிக்குள்ள கிடந்த வண்டிக்கு இது வழக்கம். யாரோ சொன்னாங்கன்னு தேங்காய் எண்ணெய் வச்ச சேசிஸா இருந்தா இன்னும் மோசம், கொஞ்சம் குளிர் வந்தாலே உறைஞ்சு கியரைக் கட்டிப் போட்டுடும். ஆல்கஹால்ல கழுவி, நல்லா காய விட்டு, பிளாஸ்டிக்கை அரிக்காத மெல்லிசான மாடல் எண்ணெய் ஊசி முனையில தொட்டு வைங்க, ஒரு ஆக்சிலுக்கு ஒரு தொடுதல் போதும்.

இன்னொண்ணும் பாக்கணும், எடைக்காக இரும்புத் துண்டோ ஸ்டீல் நட்டோ மோட்டார் பக்கத்துல ஒட்டியிருந்தீங்கன்னா காந்தம் அத இழுத்து பாடியையே ஒரு பக்கம் சாய்ச்சுடும், சின்ன இரும்புத்தூள் உள்ள போனா மோட்டாரே மாட்டிக்கும்.

*மோட்டார் சுத்துது, சக்கரம் சுத்தல*

வோர்ம் கியரோ (மோட்டார் முனையில இருக்கிற திருகு மாதிரி கியர்) டிரைவ் ஷாஃப்ட்டோ (மோட்டார் சுத்தறதை போகிக்கு கொண்டு போற தண்டு) கழண்டிருக்கு. போகி சேசிஸ்ல பாடியைப் பிதுக்கி மாட்டும்போது ஷாஃப்ட் அதோட கப்ல இருந்து வெளிய வந்துடும், திரும்ப உள்ள தள்ளுனா சரி. கியரே ஆக்சில்ல வழுக்குதுன்னா அறிகுறி 7-க்கு போங்க.

அறிகுறி 2: நின்னு நின்னு போகுது, கையால தட்டுனா ஓடுது

இதுதான் எல்லாரையும் ஓட ஓட விரட்டுற பிரச்சனை, நேரோ கேஜ்ல இன்னும் அதிகம், ஏன்னா வண்டி சின்னது, சக்கரம் நாலோ ஆறோதான், எடையும் இல்ல, ஒரு துளி அழுக்கு போதும் நின்னுடும்.

முதல்ல தண்டவாளம். வெள்ளைத் துணியில ஆல்கஹால் ஊத்தி ஒரு அடி தூரம் தேய்ச்சுப் பாருங்க, கறுப்பா வந்தா பதில் கிடைச்சாச்சு. சமையல் ரூம் புகை, ஊதுபத்தி, சாம்பிராணி, கடலோர ஊருன்னா உப்புக் காத்து, எல்லாம் சேந்து மேல ஒரு படலம் போடும். துடைச்சப்புறம் காஞ்ச துணியால ஒரு தடவை. உப்புத்தாள் மட்டும் வேண்டாம், அது போடுற கீறல்ல அடுத்த அழுக்கு இன்னும் நல்லா உக்காரும், தேய்ச்ச அன்னைக்கு சூப்பரா ஓடும், ரெண்டு மூணு வாரத்துல முன்னைய விட மோசமா வரும். பெட்டிங்கள்ல பிளாஸ்டிக் சக்கரம் இருந்தா அழுக்கை எடுத்துட்டுப் போய் தண்டவாளம் பூரா பூசுறதே அதுதான், மெட்டல் சக்கரமா மாத்துங்க, இந்தப் பொழுதுபோக்குல செலவழிக்கிற காசுல இது நல்ல காசு.

அடுத்தது வண்டியோட சக்கரம். தண்டவாளத்துக்கு குறுக்கா ஆல்கஹால் நனைச்ச டிஷ்யூ பேப்பர் போட்டு, இஞ்சினோட ஒரு முனை சக்கரங்களை மட்டும் பேப்பர் மேல வச்சு, மறு முனையை வெறும் தண்டவாளத்துல வச்சு புடிச்சுக்கிட்டு ஓட விடுங்கன்னு சில பேர் சொல்வாங்க, நாலு சக்கர வண்டிக்கு அது சரிப்படாது, மிச்சம் ரெண்டு சக்கரம்தான், கரண்ட் ஒழுங்கா வராது. தலைகீழா புடிச்சு பேட்டரி வச்சு சுத்த விட்டு பட்ஸால தொடுங்க, சுலபம்.

மூணாவது பிக்கப், அதாவது சக்கரத்துல இருந்து மோட்டாருக்கு கரண்ட் எடுக்கிற பாகம். ஆக்சில் முனை உக்கார்ற பித்தளைக் குழி, இல்லன்னா சக்கரத்து பின்பக்கம் உரசுற மெல்லிய தகடு, ரெண்டுல ஒண்ணு இருக்கும். குழின்னா உள்ள ஆல்கஹால் விட்டு கழுவுங்க. தகடுன்னா ஒவ்வொரு சக்கரத்தையும் பக்கவாட்டுல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளிப் பாருங்க, எந்த நிலைமையிலயும் தகடு சக்கரத்தைத் தொட்டுக்கிட்டே இருக்கணும், விலகுனா ட்வீசரால முடி அளவு வளைங்க. நிறைய வளைச்சா அதுவே பிரேக் ஆயிடும்.

பெட்டிக்கு மெட்டல் சக்கரம் மாத்துறதைத் தவிர இது வரைக்கும் செலவு பூஜ்யம். இன்னும் நிக்குதுன்னா எங்க நிக்குதுன்னு கவனிங்க. எப்பவும் ஒரே இடம்னா ஃபிஷ்ப்ளேட் (ரெண்டு தண்டவாளத் துண்டை இணைக்கிற தகடு) லூஸ். ட்ரெயினை அந்த இடத்துல ஓட விட்டுக்கிட்டே மல்டிமீட்டர்ல பாருங்க, கன்ட்ரோலர் பக்கத்துல இருக்கிறதை விட ஒரு வோல்ட்டுக்கு மேல குறைஞ்சா அங்க கன்ட்ரோலர்ல இருந்து தனியா ரெண்டு ஃபீடர் வயர் இழுத்து சால்டர் பண்ணுங்க. பெரிய லேஅவுட்டுக்கு ஒரு மீட்டருக்கு ஒரு ஜோடி ஃபீடர்னு வச்சுக்கிட்டா இந்தத் தொல்லையே வராது. எல்லா இடத்துலயும் நிக்குதுன்னா எடை பத்தல, அறிகுறி 5 பாருங்க, கனமான வண்டி நல்லா கரண்ட் எடுக்கும்.

அப்பவும் நின்னா கடைசியா ஒரு வழி, பின்னாடி நிரந்தரமா மாட்டுற ஒரு பெட்டியிலயும் பிக்கப் வச்சு மெல்லிய வயர்ல இஞ்சினோட சேத்துடுறது. பாக்க கொஞ்சம் அசிங்கமா இருக்கும், ஆனா நாலு சக்கர குட்டி இஞ்சினுக்கு இத விட நல்ல மருந்து நான் பாத்ததில்ல. டிசிசின்னா கெப்பாசிட்டர்ல கொஞ்ச நேரத்துக்கு கரண்ட் தேக்கி வைக்கிற கீப் அலைவ் போடலாம், ஆனா அந்த சைஸ் போர்டுல சால்டரிங் பண்றது மொபைல் ரிப்பேர் பண்றவங்க வேலை, மைக்ரோஸ்கோப் வச்சிருக்கிற கடையில குடுத்துடுங்க, எங்க எந்த வயர்னு படம் வரைஞ்சு கூட குடுங்க.

அறிகுறி 3: பாயிண்ட்ல (பாதை ரெண்டா பிரியற இடத்துல) மட்டும் தகராறு

*பாயிண்ட் மேல போனதும் எல்லா வண்டியும் ஒண்ணா நின்னுடுது, கன்ட்ரோலர்ல சிவப்பு லைட்*

ஷார்ட். பெக்கோ கம்பெனியோட எலக்ட்ரோஃப்ராக் மாதிரி ஃப்ராக்குக்கும் (உள் தண்டவாளங்கள் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு வெட்டுற இடம்) கரண்ட் போற பாயிண்ட்டா இருந்தா, ஃப்ராக்ல இருந்து கிளம்புற உள்பக்க ரெண்டு தண்டவாளத்துலயும் மெட்டலுக்கு பதிலா பிளாஸ்டிக் ஃபிஷ்ப்ளேட் போடணும். போட்டிருக்கீங்களான்னு பாருங்க, இது அஞ்சு நிமிஷ வேலை. போட்டும் ஷார்ட்டுன்னா சக்கரத்தோட பின்பக்க இடைவெளியை அளங்க (அறிகுறி 4), இடைவெளி குறைஞ்சா சக்கரத்து முதுகு திறந்திருக்கிற பிளேடை (பாயிண்ட்ல நகர்ற கூரான தண்டவாளம்) தொட்டு ஷார்ட் ஆக்கும்.

*அந்த வண்டி மட்டும் நிக்குது, மத்தது ஓடுது*

ஃப்ராக் பிளாஸ்டிக்கா இருக்கும், குட்டி வண்டியோட சக்கரங்கள் எல்லாம் ஒரே நேரத்துல செத்த இடத்துல நிக்கும். வேகமா தாண்டினா தாண்டிடும், மெதுவா போனா நிக்கும். மேல சொன்ன பெட்டி பிக்கப் இதுக்கும் மருந்து. இல்லன்னா பாயிண்ட்டையே எலக்ட்ரோஃப்ராக் ரகத்துக்கு மாத்துறது, அது செலவு. புதுசா தண்டவாளம் போடப் போறவங்க ஆரம்பத்துலயே அத வாங்கிடுங்க.

எலக்ட்ரோஃப்ராக் போட்டும் செத்துப் போச்சுன்னா பிளேடு முனைக்கும் ஓரத் தண்டவாளத்துக்கும் நடுவுல அழுக்கு, பேப்பர் துண்டை ஆல்கஹால்ல நனைச்சு நடுவுல விட்டு இழுங்க. ஜல்லி ஒட்டும்போது பசை அங்க போயிருந்தா சுரண்டித்தான் எடுக்கணும்.

அறிகுறி 4: தடம் புரளுது

எப்பவும் ஒரே இடத்துல எல்லா வண்டியும் புரளுதா, எல்லா இடத்துலயும் ஒரே வண்டி புரளுதா, இத முதல்ல தெரிஞ்சுக்கங்க. இடம்னா தண்டவாளம், வண்டின்னா சக்கரம்.

தண்டவாளம்னா விரலை மேல வச்சு இழுங்க, ஜாயிண்ட்ல நகம் மாட்டுச்சுன்னா ஃபைல் (அரம்) வச்சு உள்பக்க ஓரத்தை மெலிசா தேய்ங்க. வளைவுல ஃபிளெக்ஸ் டிராக் (நாமளே வளைச்சுக்கிற தண்டவாளம்) ஜாயிண்ட் முக்கோணமா முறிஞ்சு நிக்கும், சால்டர் பண்ணிட்டு அப்புறம் வளைச்சா வராது.

வண்டின்னா வெர்னியர் எடுங்க, ஒரே ஆக்சில்ல இருக்கிற ரெண்டு சக்கரத்தோட உள் முகத்துக்கு நடுவுல 7.4 மிமீ கிட்ட இருக்கணும். ஒவ்வொரு ஆக்சிலும் வேற வேற அளவு காட்டுனா, அதுதான் வில்லன். சக்கரத்தைத் திருகிக்கிட்டே மெதுவா தள்ளுனா நகரும், நேரா அழுத்துனா கோணிக்கும், கோணுன சக்கரம் சைக்கிள் ரிம் அவுட் ஆன மாதிரி ஆடிக்கிட்டே போகும்.

*நேரா நல்லா போகுது, வளைவுல மட்டும் ஏறிக்குது*

ரெண்டு போகி வண்டின்னா பாடி ஓரம் போகியை திரும்ப விடாம இடிக்குது. உள்பக்கம் சாக்பீஸ் பொடி தடவி நாலு சுத்து ஓட்டிட்டு கழட்டிப் பாருங்க, எங்க பொடி தேஞ்சிருக்கோ அங்க ஃபைல் போடுங்க. நீள பாடியை சின்ன வளைவுல ஓட்டணும்னு அடம் புடிக்கறதும் உண்டு. பெக்கோ நேரோ கேஜ் செட் டிராக் (வளைவு மாறாத ரெடிமேட் தண்டவாளம்) 228 மிமீ ஆரம், அதுல நிறைய வண்டி ஓடும், டோமிக்ஸ் கம்பெனில 103 மிமீ குட்டி வளைவு கூட கிடைக்குது, ஆனா அதுல நாலு சக்கர டிராலி மாதிரி சமாச்சாரம்தான் ஓடும், கால்கா-சிம்லா டீசலை அதுல விட்டுட்டு புரளுதுன்னு சொன்னா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.

பெட்டி மட்டும் புரளுதுன்னா எடை குறைவு. அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ என் கேஜுக்கு குடுக்குற கணக்கு ஒண்ணு இருக்கு, அரை அவுன்ஸோட ஒவ்வொரு இஞ்சு நீளத்துக்கும் 0.15 அவுன்ஸ். நாலு இஞ்சு பெட்டின்னா சுமார் 31 கிராம். நேரோ கேஜ் பாடி உயரமா அகலமா இருக்கறதால அந்த எடையை எவ்ளோ கீழ வைக்க முடியுமோ அவ்ளோ கீழ வைங்க, கூரைக்குள்ள வச்சா வளைவுல கவுந்துடும்.

அறிகுறி 5: ஏத்தத்துல சக்கரம் சறுக்குது

சக்கரத்துல எண்ணெய் இருக்கான்னு முதல்ல பாருங்க, எண்ணெய் நிறைய விட்ட கையோட வர்ற அறிகுறி இது. துடைங்க, தண்டவாளத்தையும் துடைங்க.

ரப்பர் டயர் வச்ச சக்கரமா இருந்தா அது காஞ்சு லூஸ் ஆயிருக்கும், மாத்துங்க, ஆனா ரப்பர் சக்கரம் கரண்ட் எடுக்காதுங்கறதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

அடுத்தது ஏத்தத்தை அளங்க. ஒரு மீட்டருக்கு 3 சென்டிமீட்டர் ஏறுனா அது கால்கா-சிம்லாவோட 33-க்கு 1 அளவு, குட்டி இஞ்சின் மூணு நாலு பெட்டியோட போராடி ஏறும். மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் போற பாதையில 12-க்கு 1 வரைக்கும் ஏத்தம் இருக்கு, கல்லாறுக்கு அப்புறம் நிஜ ரயிலே பல் சக்கரம் புடிச்சுத்தான் ஏறுது, அத நீங்க மாடல்ல வெறும் சக்கரத்துல ஏத்தணும்னா முடியாது. பாலத்தையும் குகையையும் வச்சுட்டு ஏத்தத்தை குறைங்க, பாக்கறவங்களுக்கு தெரியாது.

ஏத்தம் சரி, வண்டிதான் லேசுன்னா எடை ஏத்தணும். மீன்புடி சாமான் கடையில கிடைக்கிற ஈயக்குண்டு நல்லது, சுத்தியால தட்டி தகடா ஆக்கிக்கலாம், தட்டுனப்புறம் கை கழுவுங்க, குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க. ஆனா அந்த ஈயத்தை ஃபெவிகால் போட்டு ஒட்டவே ஒட்டாதீங்க. வெள்ளைப் பசையும் ஈயமும் சேந்தா மெதுவா வேதிவினை நடந்து ஈயம் வெள்ளையா பூத்து உப்ப ஆரம்பிக்கும், ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு பாய்லர் பக்கவாட்டுல வெடிச்சு பொளந்து நிக்கும், காரணமே புரியாது. அரால்டைட் மாதிரி எப்பாக்ஸி போட்டு ஒட்டுங்க. எடை டிரைவ் சக்கரங்களுக்கு நடுவுல வரணும், முன்னாடி மட்டும் ஏத்துனா பின் சக்கரம் தூக்கும். எவ்ளோ ஏத்தலாம்னா, வண்டியைக் கையால புடிச்சு நிறுத்துனா சக்கரம் வழுக்கி சுத்தணும். சுத்தாம மோட்டார் நின்னுடுச்சுன்னா எடை அதிகம், அது மோட்டாரை எரிச்சுடும்.

அறிகுறி 6: ஓட ஓட பெட்டி கழண்டுக்குது

ரெண்டு பெட்டியோட கப்ளர் (பெட்டிங்களை இணைக்கிற கொக்கி) உயரமும் ஒண்ணா இருக்கான்னு கண் மட்டத்துல வச்சுப் பாருங்க, பெரும்பாலும் அவ்ளோதான். உயரமா இருக்கிற கப்ளருக்கும் பெட்டித் தரைக்கும் நடுவுல வாஷரோ பிளாஸ்டிக் ஷீட் துண்டோ வச்சு கீழ இறக்குங்க. உயரம் சரின்னா ஜாயிண்ட்ல தண்டவாளம் குதிக்குது, அறிகுறி 4. கப்ளர்ல பெயிண்ட் பட்டு ஸ்ப்ரிங் மாட்டியிருந்தா அந்த கப்ளரை மாத்திடுங்க, சுரண்டி சரி பண்றதுக்கு ஆகுற நேரத்துக்கு லாபமில்ல.

அறிகுறி 7: டக், டக், டக்னு ஒரே சீரா குதிக்குது

சக்கரம் ஒரு சுத்து சுத்தும்போது ஒரு டக்னா, ஆக்சில் மேல இருக்கிற பிளாஸ்டிக் கியர் வெடிச்சிருக்கு. பழைய சேசிஸ்ல சர்வ சாதாரணம். முதல்ல பல்லுக்கு நடுவுல ஜல்லித் துகள் மாட்டியிருக்கான்னு பாருங்க, அதே சத்தம் வரும், அது இலவச வைத்தியம். இல்லன்னா மொபைல் கேமராவை ஜூம் பண்ணி கியரைப் பாருங்க, தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரியும். சூப்பர் க்ளூ போட்டு ஒட்டுனா கொஞ்ச நாள் தாங்கும், ஆனா பசை பல்லுல இறங்குனா பக்கத்து கியரும் போகும், நான் அத பரிந்துரைக்க மாட்டேன். கியரோட ஆக்சில் செட் தனியா கிடைச்சா வாங்கி மாத்துங்க, கிடைக்கலன்னா புது சேசிஸ்தான், அதுவும் வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணும்னா ஒரே வண்டிக்காக இல்லாம ரெண்டு மூணு பேர் சேந்து வாங்குங்க.

ஸ்டீம் இஞ்சின்ல சக்கரங்களை இணைக்கிற ராடு மேல கீழ இழுத்து இழுத்து ஓடுதுன்னா கியர் இல்ல, இடது வலது சக்கரங்களோட 90 டிகிரி அமைப்பு நகர்ந்திருக்கு. ராடைக் கழட்டிட்டு ஓட்டிப் பாத்தா தெரிஞ்சுடும். அத கையால திருப்பி சரி பண்ண முயற்சி பண்ணாதீங்க, அதுக்குன்னு ஜிக் (கோணம் மாறாம புடிச்சு வைக்கிற கருவி) இருக்கு, ஜிக் வச்சிருக்கிற மாடல்காரர் கிட்ட குடுங்க.

அறிகுறி 8: சூடாகுது, வாசனை வருது

உடனே நிறுத்துங்க. பாடி இல்லாம வெறும் சேசிஸ்ல மல்டிமீட்டரை ஆம்பியர்ல வச்சு அளங்க, இந்த சைஸ் மோட்டார் சும்மா ஓடும்போது 0.1 ஆம்பியர் பக்கமோ அதுக்கும் கீழயோதான் இழுக்கும். அரை ஆம்பியர் காட்டுச்சுன்னா எங்கயோ இறுகியிருக்கு, இல்ல மோட்டாருக்குள்ள எண்ணெய் போய் கம்யூட்டேட்டர்ல (மோட்டார் காயிலுக்கு கரண்ட் குடுக்குற செப்புப் பகுதி) கரி படிஞ்சிருக்கு.

சேசிஸ்ல கோர்லெஸ் மோட்டார் (காயிலுக்குள்ள இரும்பு இல்லாத ரகம்) இருந்தா கன்ட்ரோலரையும் சந்தேகப்படுங்க. ஆன்லைன்ல மலிவா கிடைக்கிற பிடபிள்யூஎம் (கரண்ட்டை விட்டு விட்டு துடிப்பா அனுப்புற) வேகக் கன்ட்ரோலர் போர்டுல சிலது ரொம்ப கம்மி ஃப்ரீக்வென்சில துடிக்கும், மெதுவா ஓட்டும்போது மோட்டார் நறநறன்னு முனகும், சூடேறும், ஆயுசு போயிடும். சாதா டிசி கன்ட்ரோலர்ல அதே வண்டி குளுமையா ஓடுச்சுன்னா போர்டை மாத்துங்க. எதுவும் இறுகல, கன்ட்ரோலரும் சரி, அப்பவும் சூடுன்னா அப்பதான் மோட்டார் போச்சுன்னு சொல்லலாம். இந்த சைஸ் மோட்டாரைத் திறந்து காயில் கட்டித் தர ஆள் தேடாதீங்க, மோட்டாரையோ சேசிஸையோ மாத்துறதுதான் மலிவு.

அறிகுறி 9: பாடி வளைஞ்சு போச்சு, சேசிஸ்ல உக்கார மாட்டேங்குது

பிஎல்ஏ (சாதாரணமா 3டி பிரிண்ட்டுக்கு போடுற பிளாஸ்டிக்) பிரிண்ட்டா இருந்தா வெயில்தான் காரணம். 60 டிகிரில அது இளக ஆரம்பிக்கும், மூடி வச்ச கார், மொட்டை மாடி தகரக் கொட்டகை, வெயில் விழற ஜன்னல் இதெல்லாம் சித்திரை வைகாசில அந்தச் சூட்டைத் தொட்டுடும். வளைஞ்சது லேசா இருந்தா சுடுதண்ணில முக்கி தட்டையான கண்ணாடி மேல அழுத்தி ஆற விடுங்க, கதவு ஜன்னல் பக்கம் மெல்லிசா இருக்கிற இடம் முதல்ல கோணும், அத கவனிச்சு புடிங்க. அடுத்த தடவை பிஇடிஜி, ஏபிஎஸ் மாதிரி வேற பிளாஸ்டிக்ல போடச் சொல்லுங்க.

ரெசின் பிரிண்ட்டுன்னா கழுவுனது, யூவி லைட்ல காய வச்சது பத்தாம மெதுவா சுருங்கியிருக்கும், தொட்டா பிசுபிசுன்னு இருக்கும். ஆல்கஹால்ல கழுவி நல்லா காய விட்டு திரும்ப யூவி காட்டுங்க, கையில கிளவுஸ் போட்டுக்கங்க. சுருங்குனது திரும்ப விரியாது, உள்பக்கம் ஃபைல் போட்டு ஒவ்வொரு பக்கமும் அரை மிமீ இடைவெளி வரைக்கும் தேய்க்கலாம், அதுக்கு மேல தேய்ச்சா சுவர் ஓட்டை ஆயிடும். அந்த நிலைமைக்கு வந்துடுச்சுன்னா பிரிண்ட் போட்டுத் தர்ற கடைக்கு டிசைன் ஃபைலோட சேசிஸையும் எடுத்துட்டுப் போய், அளவை வெர்னியர்ல காட்டி, உள் அகலத்தை ஒரு மிமீ கூட்டி திரும்ப போடச் சொல்லுங்க.